மொழிபெயர்த்தவர் பெயர், முகவரி, தொழில்

எங்கள் அலுவலகத்துக்கு அந்தச் சீனப் படம் ஐந்து தகர டப்பாக்களில் வந்தது. டப்பாவுக்கு இரண்டு ரீல், மொத்தம் பத்து. மூடிகளில் இருந்த எண்களைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதியவன் நான். கூடவே வரவேண்டிய காகிதம் வரவில்லை என்று முதலில் சொன்னவனும் நான்தான்.

கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்கு ஏழு நிமிட நடையில் இருந்தது அந்த அலுவலகம். வெளிநாட்டுப் படங்களை வாங்கி ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிகளுக்கு விடும் சிறிய கம்பெனி. நான் அங்கே ஸ்டெனோ. மாதுங்காவிலிருந்து போய்வந்துகொண்டிருந்தேன். வெளிநாட்டுப் படம் எதுவானாலும் தணிக்கைக்குப் போகும்போது, அதில் பேசப்படும் ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் டைப் அடித்து, ரீல் வாரியாகப் பிரித்து, மூன்று பிரதிகள் கொடுக்க வேண்டும். இத்தாலிப் படமோ ரஷ்யப் படமோ வந்தால் அனுப்புகிறவர்களே அந்தப் பட்டியலைச் சேர்த்து அனுப்புவார்கள். நான் அதைத் திருத்தமாக மறுபடி அடித்துக் கொடுப்பேன். இந்தப் படத்தோடு பட்டியலும் வரவில்லை. திரையின் அடியில் இங்கிலீஷ் எழுத்தும் ஓடவில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று சேட் வாங்கிப் போட்டிருந்தார்.

சீனப் போர் முடிந்து அது ஐந்தாவது வருடம். சேட் முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "ஹாங்காங் லிக்கோ பாபு, சைனா மத் லிக்கோ," என்றார். ஹாங்காங் என்று எழுது, சைனா என்று எழுதாதே. படம் ஹாங்காங்கிலிருந்துதான் வந்திருந்தது. ஆகவே எழுதுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

வசனத்தைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பக்கத்துத் தெருவில் செருப்பு தைத்து விற்கும் சீனர் ஒருவரைச் சேட் அழைத்துவந்தார். அவர் ஒரு ரீல் முழுவதும் பார்த்துவிட்டு, பாதி புரிகிறது, பாதி புரியவில்லை, இது எங்கள் பேச்சு இல்லை என்று கைவிரித்துவிட்டுப் போனார். சீனர்களுக்குள் அத்தனை பேச்சுகள் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது, யாரும் கேட்காமலே, நான் சொன்னேன்: "எனக்குத் தெரிந்த சீனப் பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார்." இதை இங்கே எழுதிவைக்க வேண்டும். என்னை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பல் டாக்டரின் கடை தாராவி மெயின் ரோட்டில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைவாய்ப் பல் தாங்கமுடியாமல் வலித்து, மாதுங்காவில் எல்லாக் கதவும் மூடியிருந்ததால் ரயில்பாதையைக் கடந்து அங்கே போனேன். அதிலிருந்து மூன்று வருடமாக அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தேன். வாசலில் இரண்டு வரிசைப் பற்கள் வரைந்த பலகை தொங்கும். அதில் 'டென்டிஸ்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் வெள்ளை வர்ணம் தடித்துப் பூசிய ஓர் இடம் இருக்கும். என்ன சொல்லை மறைத்திருக்கிறது என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. போரின்போது அவருடைய தம்பியை ராஜஸ்தான் பக்கம் ஒரு முகாமுக்கு ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். இரண்டரை வருடம் கழித்துத் தம்பி திரும்பிவந்து, அப்படியே கப்பலேறிப் போய்விட்டார். இவர் மட்டும் மனைவியோடு இருந்தார்.

அவருடைய நோயாளிகள் அனேகமாகத் தோல் பதனிடும் கொட்டடிகளில் வேலைசெய்யும் திருநெல்வேலிக்காரர்கள். அவர்களிடம்தான் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். எல்லோரையும், என்னையும்கூட, அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் எனக்கு முன்னால் நாற்காலியில் இருந்தவர் சொன்னார்:

"டாக்டரே, மெதுவா புடுங்கும். பல்லுதான் போணும், தாடையில்ல."

"தாடையும் சேத்தே வரும் அண்ணாச்சி. வீட்டுக்குக் கொண்டுபோயி வச்சுக்கிடும்," என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

படத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். கையைக் கழுவித் துடைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். வருடா வருடம் போலீஸில் புதுப்பிக்க வேண்டிய தங்கும் அனுமதி. அதில் தொழில் என்ற இடத்தில் பல் வைத்தியம் என்று மட்டும் இருந்தது.

"இதத் தவிர வேற காம் பண்ணா தப்பு அண்ணாச்சி. பம்பாய விட்டு ஒரு நாள் வெளிய போறதுன்னாலும் கேட்டுட்டுத்தான் போணும்."

"இது வேலை இல்லை. உதவிதான். மூன்று காலை நேரம். சேட் ஏதாவது கொடுப்பார்."

"அதெல்லாம் வேண்டாம். எங்க ஊருப் பேச்சுல படம் பாத்து எத்தன வருசமாச்சு. அதுக்காக வாறேன்." பிறகு காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு சொன்னார்: "என் பேரு மட்டும் எங்கயும் எழுதக் கூடாது."

"எழுத மாட்டேன்," என்றேன்.

மூன்று திங்கட்கிழமைக் காலைகள். அன்று அவர் கடைக்கு விடுமுறை. பதினைந்து பேர் உட்காரக்கூடிய ஒரு பிரிவியூ தியேட்டரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். வாசலில் இருந்த வருகைப் புத்தகத்தில் நான் என் பெயரை எழுதினேன். காவலாளி கேட்டபோது அவரும் எழுதினார். அவர் தமிழிலும் இந்தியிலும் கலந்து சொல்வார். நான் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு சுருக்கெழுத்தில் இங்கிலீஷாக எடுப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரொஜக்டரை நிறுத்தச் சொல்லி, சந்தேகங்களைக் கேட்டுத் தீர்த்துக்கொண்டு மேலே போவோம்.

கதை இதுதான். ஓர் இளைஞன், கைவேகமும் முன்கோபமும் உள்ளவன். ஆற்றங்கரையில் ஒரு சண்டையில், விலக்கிவிட வந்த படகுக்காரரின் வலது தோளை உடைத்துவிடுகிறான். ஊர் துரத்துகிறது. மலைமேல் ஒரு சண்டைப் பள்ளிக்குப் போகிறான். அவர்கள் சேர்த்துக்கொள்ளாமல், சமையல்கட்டில் விறகு பிளக்க விடுகிறார்கள். வருடங்கள் போகின்றன. விறகு பிளந்தபடியே, மற்றவர்களைப் பார்த்தே சண்டையைக் கற்றுக்கொள்கிறான். பிறகு கோபமில்லாமல் நிற்கக் கற்றுக்கொள்கிறான். அதற்குத்தான் அதிக ரீல்கள் ஆயின. கொள்ளைக்காரர்கள் வந்து அடிக்கும்போது அவன் அடி வாங்கிக்கொண்டு, திருப்பி அடிக்கவேண்டிய ஒரே ஓர் அடியை மட்டும் அடிக்கிறான். இடையிடையே ஆட்கள் கூரைக்குக் கூரை பறந்தார்கள்.

"எங்க ஊருல எவனும் இப்பிடிப் பறக்க மாட்டான்," என்றார் டாக்டர். "பறந்திருந்தா நான் ஏன் இங்க வந்து பல்லு புடுங்குறேன்."

பத்தாவது ரீலில் அவன் மலையிலிருந்து இறங்கி ஆற்றுக்கு வருகிறான். படகுக்காரர் இப்போது இடது கையால் மட்டும் துடுப்பு போடுகிறார். இவன் மணலில் முழந்தாளிட்டு, தான் பழைய ஆள் இல்லை, மாறிவிட்டேன் என்கிறான். படகுக்காரர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு ஒரு வாக்கியம் சொல்கிறார். டாக்டர் அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொல்கிறார்?"

"நீ மாறிட்ட, நல்லது. என் தோளு மாறல. ஏறு, அக்கரையில விடுதேன்."

மன்னித்துவிட்டார் என்று அர்த்தமா என்று கேட்டேன். அப்படி அந்த ஆள் சொல்லவில்லை, ஏறு என்றுதான் சொன்னார் என்றார். நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

பட்டியல் நாற்பத்தாறு பக்கம் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக வேறு எதையும் அடித்ததில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கார்பன், ஓர் இடத்தில்கூட அழித்தெழுதவில்லை. கடைசியில் தணிக்கைக்கான உறுதிமொழிப் பத்திரம் இருந்தது. பட்டியலோடு வரும் படங்களுக்கு அதில் ஏழாவது கட்டத்தைக் கோடு போட்டு அடித்துவிடுவோம். இந்தத் தடவை அப்படி விட முடியாது. 'மொழிபெயர்த்தவர் பெயர், முகவரி, தொழில்' என்று கேட்டிருந்தது.

அடுத்து நான் செய்ததை, கொடுத்த வாக்கை மறந்துபோய்ச் செய்யவில்லை. மறந்துபோனேன் என்று இங்கே எழுதிவைத்தால் எனக்குச் சுலபம், ஆனால் அது உண்மையில்லை. டைப்ரைட்டரில் பத்திரத்தைச் செருகி, அந்தக் கட்டத்துக்கு நேராக வரிசையை நிறுத்தி, பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கட்டத்தைக் காலியாக விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். நான் அனுப்பிய விண்ணப்பம் ஒன்றுகூட அதுவரை திரும்பியதில்லை. என் பெயரை எழுதினால் அது பொய். கீழே 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்று இருக்கிறது. நாற்பத்தாறு பக்கத்தையும் பார்க்கிறவர்கள் இது விஷயம் தெரிந்தவர் செய்த மொழிபெயர்ப்பு என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இவ்வளவு காகிதத்துக்கு நடுவில் ஒரு கட்டத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்றும் எண்ணிக்கொண்டேன். டாக்டரின் முழுப்பெயர், கடை முகவரி, பல் வைத்தியம் என்று மூன்றையும் அடித்தேன். சேட் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நாலு வாரத்தில் ஒரு மாலை, ஆறேமுக்காலுக்கு, டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததில்லை. எங்களுடையது மூன்று மாடிக் கட்டடம். பொதுவராந்தாவில் பத்துக் கதவுகள். பத்துக் கதவிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். என் மனைவி நாற்காலியைப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"போலீஸ் வந்துச்சு அண்ணாச்சி. பல்லு டாக்டரா, பிலிம் கம்பெனி ஆளா, எதுன்னு கேக்கான். காகஜ்ல பேரு இருக்காம்."

நான் வாசலில் நின்றவர்களைப் பார்த்தேன்.

"நீங்கதான் எழுதினீங்களா? சேட்டா?"

"நான்தான்."

அவர் தலையை ஆட்டினார். கத்தியிருந்தால் எனக்கு நிற்கச் சுலபமாக இருந்திருக்கும். அனுமதி புதுப்பிக்கும் நாள் அடுத்த வியாழன் என்றும், இப்போது கொடுப்பார்களா என்பது தெரியவில்லை என்றும், கொடுக்காவிட்டால் முப்பது நாளுக்குள் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்றும் சொன்னார். போவதற்கு அவருக்கு ஓர் ஊர் இருக்கவில்லை. தம்பி போன தேசத்தில் இவரை விடமாட்டார்கள். பிறந்த ஊரை விட்டுப் பன்னிரண்டு வயதில் வந்தவர்.

"நீங்க வந்து சொல்லணும். இது என் காம் இல்லன்னு. வியாழக்கிழம பத்து மணி."

மனைவி டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். அவர் நின்றபடியே குடித்து, டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஷூ போட்ட காலோடு நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்து, "மன்னிச்சிருங்க அக்கா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் போனதும் மனைவி கதவைச் சாத்தினாள்.

"காலி இடத்தைப் பார்த்தா உங்களுக்குக் கை நிக்காது. குழந்தைகளோட நோட்டுல பக்கம் பக்கமா மார்ஜின் போட்டுக் குடுத்தவராச்சே."

"எழுதாமல் விட்டால் திரும்பி வந்திருக்கும்."

"வரட்டுமே. காகிதம்தானே திரும்பி வரும்." டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "ஆனா நீங்க போகப்படாது. அங்க போய் நின்னா உங்க பேரும் போலீஸ் புஸ்தகத்துல ஏறிடும். அப்புறம் நம்மாத்துக்கும் வருவா. ரெண்டு குழந்தைகள் இருக்கு," என்றாள்.

அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அந்த வருடங்களில் சீனாக்காரரோடு பழகியதாகப் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாததால்தான் எல்லோரும் பயந்தார்கள்.

மறுநாள் சேட்டிடம் சொல்லி, கம்பெனி சார்பில் ஒரு கடிதம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மதராசி பாபு, தும் சுப் ரஹோ." பேசாமல் இரு என்றார். அன்றைக்கே படத்துக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு கடிதம் என்னிடமே சொல்லி எழுதவைத்தார். காரணம் என்ற இடத்தில் வியாபாரக் காரணங்கள் என்று போடச் சொன்னார். நாற்பத்தாறு பக்கமும் அப்படி முடிந்தன.

வியாழக்கிழமை வரை ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதை யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், மூன்று திங்கட்கிழமை வந்து பத்து ரீலுக்கும் வசனம் சொன்னார், கூலி வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும். அது அவர் வேறு வேலை செய்தார் என்பதற்கு என் வாயாலேயே சாட்சி ஆகும். கூலி வாங்கவில்லை என்பதை யார் நம்புவார்கள். மாதுங்கா ரோடு ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதும், அலுவலகத்தில் கார்பனை மாற்றும்போதும், உண்மையான ஒரு வாக்கியத்தை அவருக்குக் கெடுதல் வராதபடி அமைக்க முயன்றுகொண்டே இருந்தேன். அப்படி ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். மனைவியிடம் அலுவலகத்துக்குப் போவதாகச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டிபன் டப்பாவைக் கட்டிக் கொடுத்தாள்.

போலீஸ் அலுவலகத்தில் இருந்த அதிகாரி நடுவயதுக்காரர், மராட்டியர், மரியாதையாகவே பேசினார். அவர் மேசைமேல் நான் அடித்த பத்திரத்தின் மூன்றாவது பிரதி இருந்தது. டாக்டர் சுவரோரம் பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல உடுத்தியிருந்தார்கள்.

"இவர் உங்கள் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளரா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இல்லை, ஐயா. மொழிபெயர்த்தது நான்."

"உங்களுக்குச் சீனம் தெரியுமா?"

"தெரியாது. படத்தைப் பார்த்து, என்ன பேசியிருப்பார்கள் என்று நானே ஊகித்து எழுதினேன். இவரிடம் நான் பல் பார்த்துக்கொள்கிறேன். நாற்காலியில் இருக்கும்போது நாலைந்து வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டேன். அதனால் அவர் பெயரை எழுதிவிட்டேன். அது என் தவறு."

"பத்து ரீலையும் ஊகித்தீர்களா?"

"சண்டைப் படம், ஐயா. பேச்சு குறைவு."

அவர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரின் பக்கம் பார்க்காமல் இருந்தேன். சொன்னதை எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். என் பெயர், முகவரி, தொழில் எழுதி, கையெழுத்துப் போடும்போதுதான் எனக்கு அந்தப் பிரிவியூ தியேட்டரின் வருகைப் புத்தகம் நினைவுக்கு வந்தது. மூன்று திங்கட்கிழமை, என் பெயருக்குக் கீழே அவர் பெயர், வந்த நேரம், போன நேரம். நாற்பத்தொரு வயதுவரை நான் எழுதிக் கையெழுத்திட்ட எதுவும் பொய்யாக இருந்ததில்லை. முதல் பொய்யையே இரண்டு மைல் தூரத்தில் ஒரு புத்தகம் பொய்யென்று காட்டக்கூடிய விதத்தில் எழுதினேன். அதிகாரி ஒற்றுத்தாளை வைத்து அழுத்தி, போகலாம் என்றார்.

அன்று மதியம் டாக்டருக்கு ஆறு மாதத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். வழக்கமாக ஒரு வருடம். அதற்குப் பிறகு நிலைமையைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்களாம். இதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் அவரே சொன்னார். பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். அவர் என்னை உள்ளே கூப்பிடாமல் வாசலுக்கு வந்து நின்று பேசினார்.

"வந்து சொன்னீங்க. சரி."

"ஆறு மாதம்தான் கிடைத்ததா?"

"ஆமா."

"வேறு ஏதாவது நான் செய்யவேண்டியிருந்தால்..."

"இனிமே வராதீங்க அண்ணாச்சி. போலீஸ் புக்குல உங்க பேரும் என் பேரும் ஒரே பக்கத்துல இருக்கு. நீங்க இங்க வந்து போனா, என்ன பேசுறாங்கன்னு எவனாவது கேப்பான். மாதுங்கால நல்ல டாக்டரு இருக்காங்க."

"என்மேல் கோபமா?"

அவர் சிறிது யோசித்தார். எதைச் சொன்னாலும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று யோசிப்பவரைப்போல இருந்தது.

"கோபம் இருக்கு. வராதீங்கன்னு சொன்னது அதுக்காக இல்ல."

உள்ளே நாற்காலியில் இருந்தவர், "டாக்டரே, வாயத் தொறந்தபடியே கெடக்கேன், ஈ போவுது," என்று கூப்பிட்டார். அவர் உள்ளே போனார்.

ஆறு மாதம் நான் அந்த ரோட்டில் நடக்கவில்லை. அலுவலகத்தில் விண்ணப்பங்களை அடிக்கும் வேலையைச் சேட் வேறு ஒருவரிடம் கொடுத்தார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிரிவியூ தியேட்டருக்கு இரண்டு முறை வேறு படங்களுக்காகப் போனேன். அதே வருகைப் புத்தகம் அதே மேசையில் இருந்தது. பின்பக்கங்களைப் புரட்டவில்லை. போலீஸ் யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வராத ஒவ்வொரு நாளையும் மனைவி எண்ணிக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

அனுமதி முடியும் வியாழன் எது என்று எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரைக்கு, தாராவி மெயின் ரோடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. சயான் வரை சீட்டு வாங்கினேன். தோல் மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று முன்னால் மெதுவாகப் போனதால் பஸ் அந்த இடத்தில் ஊர்ந்துதான் சென்றது.

கடை திறந்திருந்தது. பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் முதுகைக் காட்டி நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எத்தனை மாதம் கொடுத்தார்கள் என்பது பஸ்ஸிலிருந்து தெரியாது. கைவண்டி விலகியது. நான் சயானில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், வேறு வழியாகத் திரும்பும் பஸ்ஸுக்காக நின்றேன்.